லிஸ்டுக்குள் எந்த வகை? ரிஃப்ளெக்ஷனிடம் எங்கே கேட்பது

சுன்னாகம் சந்தையில் தோட்டக்காரரிடம் மரக்கறி வாங்கி விற்கும் ஒரு வியாபாரிக்குக் கணக்குப் புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் ஒரு கிளாஸ், இப்படி:

கிளாஸ் கொள்வனவு
ஸ்ட்ரிங் தோட்டக்காரர்
லிஸ்ட்<மரக்கறி> சாமான்கள்
மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<மரக்கறி>> நிலுவை

லிஸ்ட் என்பது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய தொகுப்பு, மேப் என்பது சாவியும் அதற்குரிய மதிப்புமாகச் சோடி சோடியாக வைக்கும் தொகுப்பு. அடைப்புக்குறிக்குள் இருப்பது உள்ளே வரும் வகை. மரக்கறி என்பது இன்னொரு கிளாஸ். அதற்குள் பெயர், நிறை, விலை என்று மூன்று ஃபீல்டுகள். கடன், லொறி வாடகை, பற்றுச்சீட்டு என்று இதைப்போல இன்னும் பல கிளாஸ்கள் சேரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திரை எழுதப் போனால் வேலை முடியாது. எந்த ஒப்ஜெக்டைக் கொடுத்தாலும் அதற்குள் என்னென்ன ஃபீல்டுகள் இருக்கின்றன என்று தானே பார்த்து, படிவத்தைக் கீறித் தரும் ஒரே மெதட் இருந்தால் போதும். அதற்குத்தான் ரிஃப்ளெக்ஷன். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தன்னுடைய கிளாஸ்களைத் தானே விசாரிக்கும் வசதி அது. உன் பெயர் என்ன, உனக்குள் என்ன ஃபீல்டுகள், எந்தெந்த மெதட் என்று கேட்டால் பதில் வரும். ஜாவாவில் 1997இல் வெளிவந்த 1.1 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது.

இடையில் ஒன்று. கிளாஸுக்கும் ஃபீல்டுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஜாவாவும் சி ஷார்ப்பும் பெயர்களில் யூனிகோட் எழுத்துகளை ஏற்றுக்கொள்கின்றன. "நிறை" என்று ஃபீல்டுக்குப் பெயர் வைத்தால், ரிஃப்ளெக்ஷன் அந்தப் பெயரை அப்படியே எடுத்துத் தரும். படிவத்தில் தலைப்பும் "நிறை" என்றே வந்துவிடும். பழகும்போது இப்படிச் செய்து பார்ப்பதை நான் எல்லாருக்கும் சொல்வேன். எது மொழிக்குச் சொந்தமான பெயர், எது நாங்கள் வைத்த பெயர் என்பது கண்ணுக்கு உடனே தெரியும். அப்புறம், மொழியோடு வரும் மெதட் பெயர்களை இந்தக் கட்டுரையில் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் முதல் சில எழுத்துகளை அடித்தாலே முழுப்பெயரும் வந்து நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தோட்டக்காரர் என்ற ஃபீல்ட் ஸ்ட்ரிங், அதற்கு ஒரு பெட்டி கீறினால் போதும். சாமான்கள் என்பது லிஸ்ட். அதற்கு அட்டவணை வேண்டும். மேலே பெயர், நிறை, விலை என்ற தலைப்புகள் வேண்டும். விடியக் கடை திறக்கும்போது ஒரு தோட்டக்காரரும் வந்திருக்கமாட்டார், லிஸ்ட் வெறுமையாக இருக்கும். அப்போதும் தலைப்புகளோடு வெற்று அட்டவணை வந்தால்தான் அதில் எழுதத் தொடங்க முடியும். ஆக, உள்ளே ஒன்றுமே இல்லாத லிஸ்டைப் பார்த்து, "இது மரக்கறிக்கான லிஸ்ட்" என்று எங்கள் மெதட் கண்டுபிடிக்க வேண்டும்.

"அண்ணா, லிஸ்ட் எண்டு மட்டும்தான் வருது, உள்ளுக்கு என்ன எண்டு வரேல்லை." யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கும்போது ஒவ்வொரு பட்ச்சிலும் யாராவது ஒருவர் இந்த இடத்தில் வந்து நிற்பார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால், இப்படி உள்வகையைக் குறிப்பிட்டு எழுதும் ஜெனரிக் என்பதன் உள்ளமைப்பே விளங்கிவிடும்.

முதலில் எல்லாருக்கும் தோன்றும் வழி, லிஸ்டின் முதல் உறுப்பை எடுத்து அதன் வகையைக் கேட்பது. வெறுமையான லிஸ்டில் முதல் உறுப்பே கிடையாது, எங்கள் தேவைக்கு அங்கேயே சரிவராது. உறுப்பு இருந்தாலும் அது நல் (ஒன்றையும் குறிக்காத வெற்று மதிப்பு) ஆக இருக்கலாம். நல் ஆக இல்லாவிட்டாலும் ஏமாற்றலாம். மரக்கறி என்ற கிளாஸிலிருந்து கிழங்கு என்று ஒரு துணைக் கிளாஸ் செய்திருக்கிறோம், இன்றைக்கு முதலில் வந்தது இராசவள்ளி என்று வையுங்கள். முதல் உறுப்பைக் கேட்டால் "கிழங்கு" என்று பதில் வரும். லிஸ்ட் முழுவதும் கிழங்குதான் என்று நம்பி அட்டவணை கீறினால், அடுத்த வரியில் பயித்தங்காய் வரும்போது குழம்பிவிடும். ஓர் உறுப்பின் வகை வேறு, அந்த லிஸ்ட் எதற்காக அறிவிக்கப்பட்டது என்பது வேறு.

அடுத்த வழி, லிஸ்டையே கேட்பது. ஜாவாவில் எந்த ஒப்ஜெக்டிடமும் கெட்கிளாஸ் என்று கேட்கலாம். கேட்டால் "அரேலிஸ்ட்" என்று மட்டும் வரும். மரக்கறிக்கு ஓர் அரேலிஸ்ட், ஸ்ட்ரிங்குக்கு ஓர் அரேலிஸ்ட் என்று இரண்டைச் செய்து, இரண்டின் கிளாஸும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுதான் என்று சொல்லும். சிலர் விடாமல் கெட்டைப்பாராமீட்டர்ஸ் என்ற மெதட்டைக் கண்டுபிடித்து அதையும் அழைத்துப் பார்ப்பார்கள். பெயரைப் பார்த்தால் இதுதான் விடை என்றே தோன்றும். ஆனால் வருவது "ஈ" என்ற ஒற்றை எழுத்து. அரேலிஸ்டை எழுதியவர்கள் அதன் உறுப்பு வகைக்கு வைத்த இடப்பெயர் அது. இந்த இடத்தில் எந்த வகை வந்து உட்கார்ந்தது என்பது அந்த ஒப்ஜெக்டுக்குள் எங்குமே இல்லை.

பனையோலைக் கடகத்தை நினைத்துப் பாருங்கள். கத்தரிக்காய் போட்டாலும் மாம்பழம் போட்டாலும் அது கடகம்தான். இது மாம்பழத்துக்கு மட்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பார்கள், கண்டபடி எதையும் போட விடமாட்டார்கள். ஆனால் கடகத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்தச் சொல் அதில் இருக்காது. ஜாவாவில் அப்படிச் சொல்லிக் காவல் நிற்பது, நாங்கள் எழுதிய கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கொம்பைலர். லிஸ்ட்<மரக்கறி> என்று நீங்கள் எழுதியதை வைத்து, வேறு வகை எதையும் உள்ளே போடாமல் பார்த்துக்கொள்ளும். வெளியே எடுக்கும் இடங்களில் மரக்கறியாக மாற்றும் கட்டளையையும் தானே சேர்த்துவிடும். அந்த வேலை முடிந்ததும், இயங்கும் கோடிலிருந்து வகை விவரத்தை அழித்துவிடும். வகை அழிப்பு என்று இதைச் சொல்வார்கள்.

ஏன் அழிக்க வேண்டும்? இதில் ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் ஜாவா மீது வரும் கோபம் பாதி குறையும். லிஸ்ட், மேப் எல்லாம் கொண்ட கலெக்ஷன் தொகுதி ஜாவாவுக்கு 1998இல் 1.2 பதிப்போடு வந்தது. அதே ஆண்டில் கிலாட் பிராச்சா, மார்ட்டின் ஒடெர்ஸ்கி, டேவிட் ஸ்டௌட்டமயர், ஃபிலிப் வாட்லர் ஆகிய நால்வரும் ஜாவாவுக்கு ஜெனரிக் சேர்க்கும் ஒரு வடிவமைப்பை முன்வைத்தார்கள். ஒடெர்ஸ்கி பிறகு ஸ்காலா மொழியை உருவாக்கியவர். அந்த வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு ஜெனரிக் ஜாவாவுக்குள் வந்தது 2004இல், ஜாவா 5 உடன். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில், வகை குறிப்பிடாத வெறும் லிஸ்டை வைத்து உலகம் முழுவதும் ஏராளமான கோட் எழுதப்பட்டுவிட்டது. புதிய லிஸ்ட்<மரக்கறி>ஐப் பழைய கோடுக்குக் கொடுத்தாலும், பழைய கோட் தரும் வெறும் லிஸ்டைப் புதிய கோட் வாங்கினாலும் ஓட வேண்டும். இயங்கும் நேரத்தில் இரண்டும் ஒரே அரேலிஸ்டாக இருந்தால் அந்தச் சிக்கலே எழாது. பழைய புரோகிராம்கள் ஒன்றும் உடையாமல் ஜெனரிக்கைக் கொண்டுவருவதற்குக் கொடுத்த விலை இது. அந்தத் தெரிவு சரியென்றே நான் நினைக்கிறேன்.

அழித்தது எங்கே, அழிக்காதது எங்கே

எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை என்பதுதான் எங்களுக்குக் கைகொடுக்கும் செய்தி. ஒப்ஜெக்டுக்குள் வகை விவரம் இல்லை. கொம்பைலர் எழுதித்தரும் கிளாஸ் ஃபைலுக்குள் இருக்கிறது. கொள்வனவு என்ற கிளாஸைக் கொம்பைல் செய்யும்போது, சாமான்கள் என்ற ஃபீல்ட் லிஸ்ட்<மரக்கறி> என்று அறிவிக்கப்பட்டது என்ற குறிப்பைக் கொம்பைலர் சிக்னேச்சர் என்ற பகுதியில் எழுதி வைக்கிறது. இன்னொருவர் உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்திக் கொம்பைல் செய்யும்போது வகைகளைச் சரிபார்க்க இந்தக் குறிப்பு இருந்தே ஆக வேண்டும். அதே குறிப்பை ரிஃப்ளெக்ஷனும் வாசிக்கும்.

ஆகவே கேள்வியை லிஸ்டிடம் கேட்காதீர்கள். லிஸ்ட் எங்கே அறிவிக்கப்பட்டதோ அந்த அறிவிப்பிடம் போய்க் கேளுங்கள்.

செய்து பார்ப்போம். கொள்வனவு கிளாஸிடம் கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட் என்ற மெதட்டை அழைத்து, "சாமான்கள்" என்ற பெயரைக் கொடுத்தால் அந்த ஃபீல்டைக் குறிக்கும் ஒப்ஜெக்ட் கையில் வரும். அதனிடம் இரண்டு விதமாக வகையைக் கேட்கலாம். கெட்டைப் என்று கேட்டால் வெறும் லிஸ்ட் என்பதே பதில். அழித்த பிறகு மிஞ்சியது அது. கெட்ஜெனரிக்டைப் என்று கேட்டால் லிஸ்ட்<மரக்கறி> என்று முழுதாக வரும். இப்படி வருகிற பதில், பாராமீட்டரைஸ்ட்டைப் என்ற இன்டர்ஃபேஸைச் (என்னென்ன மெதட் இருக்க வேண்டும் என்று சொல்லும் அறிவிப்பு) சேர்ந்தது. அது அப்படித்தானா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்துப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு கெட்ராடைப் என்று கேட்டால் வெளிக்கூடு, அதாவது லிஸ்ட், கிடைக்கும். கெட்ஆக்சுவல்டைப்ஆர்க்யூமென்ட்ஸ் என்று கேட்டால் உள்ளே குறிப்பிட்ட வகைகள் ஓர் அரேயாக வரும். அதன் முதலாவது இடத்தில் மரக்கறி கிளாஸ் இருக்கும். இனி அந்தக் கிளாஸின் ஃபீல்டுகளை எடுத்து, பெயர், நிறை, விலை என்று தலைப்புப் போடலாம். லிஸ்டுக்குள் ஒரு முருங்கைக்காய்கூட இல்லாமலே வேலை முடிந்தது. இவ்வளவுக்கும் ஒரு கொள்வனவு ஒப்ஜெக்டையே நாங்கள் உருவாக்கவில்லை, கிளாஸை மட்டும்தான் விசாரித்தோம்.

தலைப்புகளின் ஒழுங்கில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்ஸ் எல்லா ஃபீல்டுகளையும் தரும்போது, நீங்கள் எழுதிய வரிசையிலேயே தரும் என்று ஜாவா உத்தரவாதம் கொடுப்பதில்லை. பெரும்பாலும் அப்படித்தான் வரும், ஆனால் அதை நம்பிக் கட்டாதீர்கள். வரிசை முக்கியமென்றால், ஃபீல்டின் மேல் குறிப்பாக எழுதும் அனோட்டேஷனில் எண் கொடுத்து அடுக்குங்கள்.

அடுத்து நிலுவை என்ற ஃபீல்ட். மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<மரக்கறி>>. இதைக் கேட்டால் உள்ளே இரண்டு வகைகள் வரும். முதலாவது ஸ்ட்ரிங், அது சாதாரணக் கிளாஸ். இரண்டாவது மறுபடியும் ஒரு பாராமீட்டரைஸ்ட்டைப். இங்கேதான் பலருடைய கோட் விழும். உள்ளே வருவது எப்போதும் கிளாஸாகத்தான் இருக்கும் என்று நினைத்து நேரே கிளாஸாக மாற்றப்பார்ப்பார்கள், வகை பொருந்தவில்லை என்ற பிழை, கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன், வந்து நிற்கும். திரும்பி வரும் டைப் என்பது ஐந்து உருவில் வரலாம். வெறும் கிளாஸ் ஒன்று, பாராமீட்டரைஸ்ட்டைப் இன்னொன்று. லிஸ்ட்<?> என்றோ, மரக்கறியும் அதன் துணைக் கிளாஸ்களும் என்றோ எழுதியிருந்தால் உள்ளே வருவது வைல்ட்கார்ட்டைப். அதனிடம் மேல் எல்லை என்ன என்று கேட்டால் மரக்கறி வரும், எல்லை எழுதாவிட்டால் ஒப்ஜெக்ட் வரும். கிளாஸே ஜெனரிக்காக இருந்து, அதன் ஃபீல்ட் லிஸ்ட்<டீ> என்று இருந்தால் வருவது டைப்வேரியபிள். ஜெனரிக் வகைகளின் அரேக்கு ஜெனரிக்அரேடைப். ஆகவே உங்கள் மெதட், கையில் வந்தது எந்த உருவம் என்று பார்த்து, பாராமீட்டரைஸ்ட்டைப் என்றால் அதன் உள்வகைகளுக்காகத் தன்னையே மறுபடி அழைக்க வேண்டும். எத்தனை அடுக்கு இருந்தாலும் இறங்கிப் போய்விடும். தொடக்கத்திலேயே இப்படி எழுதிப் பழகுவது நல்லது. ஓர் அடுக்குக்கு மட்டும் எழுதிவிட்டுப் பிறகு நீட்டப்போனால் கோட் முழுவதும் இஃப் ஆகிவிடும்.

ஃபீல்டைப்போலவே மெதட்டின் அறிவிப்பையும் கேட்கலாம். அது திருப்பித் தரும் வகை, அது வாங்கும் வகைகள், இரண்டுக்கும் கெட்ஜெனரிக் என்று தொடங்கும் மெதட்டுகள் உண்டு. ஒரு கிளாஸ் எதிலிருந்து வந்தது என்பதையும் கேட்கலாம். மெதட்டுக்குள்ளே அறிவித்த உள்ளூர் மாறியை மட்டும் ரிஃப்ளெக்ஷனால் எட்டிப் பார்க்க முடியாது.

அப்படியென்றால் ஃபீல்ட் எதுவும் இல்லாமல், "இந்த ஜேசனை வாசித்து லிஸ்ட்<மரக்கறி>யாகத் தா" என்று ஒரு லைப்ரரியிடம் எப்படிச் சொல்வது? (ஜேசன் என்பது தரவை எழுத்தாக எழுதிவைக்கும் ஒரு வடிவம்.) லிஸ்ட்<மரக்கறி>.கிளாஸ் என்று எழுதக் கொம்பைலர் விடாது. இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. மேலே சொன்னேன், ஒரு கிளாஸ் எதிலிருந்து வந்தது என்ற அறிவிப்பு அழியாது என்று. அதையே பிடித்துக்கொள்கிறார்கள். டைப்டோக்கன்<லிஸ்ட்<மரக்கறி>> என்பதிலிருந்து பெயரில்லாத ஒரு துணைக் கிளாஸை அந்த இடத்திலேயே உருவாக்கினால், "என் தாய்க் கிளாஸ் டைப்டோக்கன்<லிஸ்ட்<மரக்கறி>>" என்ற குறிப்பு அதன் கிளாஸ் ஃபைலில் பதிந்துவிடும். கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸ் என்று கேட்டால் முழு வகையும் கைக்கு வரும். கூகுளின் ஜீசன் லைப்ரரியில் டைப்டோக்கனுக்குப் பின்னால் ஒரு சோடி வெற்று நெளிஅடைப்பு போடுகிறோமே, அது இதற்காகத்தான். அந்த அடைப்புதான் துணைக் கிளாஸை உருவாக்குகிறது. ஜாக்சன் லைப்ரரியில் டைப்ரெஃபரன்ஸ் செய்வதும் இதையே. நீல் காஃப்டர் 2006இல் இந்த முறையை விளக்கி எழுதினார். அதன் பிறகு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பாடமாக்கி அடிக்கும் ஒரு குறியீடாக இதைப் பார்க்காமல், அறிவிப்பிடம் கேள் என்ற அதே விதியின் இன்னொரு பயன்பாடாகப் பாருங்கள்.

சி ஷார்ப்பில் லிஸ்டுக்கே தெரியும்

சி ஷார்ப் வேறு பாதையில் போனது. மைக்ரோசொஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் டான் சைமும் ஆன்ட்ரூ கென்னடியும் வடிவமைத்த ஜெனரிக், சி ஷார்ப் 2.0 உடன் 2005இல் வெளிவந்தது. அவர்கள் மொழியோடு நிற்காமல் இயங்குதளத்தையே மாற்றினார்கள். பழைய அரேலிஸ்டை அதன் பாட்டில் விட்டுவிட்டு, ஜெனரிக்குக்கென்று புதிதாக லிஸ்ட், டிக்ஷனரி என்று தனித் தொகுதி செய்தார்கள். அதனால் லிஸ்ட்<மரக்கறி>யும் லிஸ்ட்<ஸ்ட்ரிங்>கும் இயங்கும் நேரத்திலும் வெவ்வேறு வகைகள். வெறும் லிஸ்ட் ஒப்ஜெக்டைக் கையில் கொடுத்து கெட்டைப் என்று கேட்டாலே மரக்கறி என்பதும் சேர்ந்து வரும். பெயரை அச்சிட்டால் லிஸ்ட்`1 என்று ஒரு குறியும் எண்ணும் தெரியும். பயப்படாதீர்கள், இந்த வகைக்கு உள்ளே ஓர் இடம் இருக்கிறது என்பது அதன் பொருள். டிக்ஷனரிக்கு 2 வரும்.

விசாரிக்கும் முறையும் நேரானது. இஸ்ஜெனரிக்டைப் என்று கேளுங்கள். ஆம் என்றால் கெட்ஜெனரிக்டைப்டெஃபினிஷன் வெளிக்கூட்டைத் தரும்; அது லிஸ்ட்<> தானா என்று ஒப்பிடலாம். கெட்ஜெனரிக்ஆர்க்யூமென்ட்ஸ் உள்வகைகளைத் தரும். மூன்று வரியில் முடிந்தது என்று நினைப்பீர்கள். இவ்வளவு இலகுவாக இருப்பதால்தான் சி ஷார்ப்பில் பிழைகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன.

லிஸ்ட்<>ஆ என்று மட்டும் பார்க்கும் கோட், ஹேஷ்செட் வந்தால் தவறவிடும், அரே வந்தால் தவறவிடும். அரே ஜெனரிக் வகையே இல்லை, இஸ்ஜெனரிக்டைப் இல்லை என்றுதான் சொல்லும். மரக்கறிப்பட்டியல் என்று ஒரு கிளாஸை லிஸ்ட்<மரக்கறி>யிலிருந்து செய்திருந்தால், அதுவும் தன்னை ஜெனரிக் இல்லை என்றே சொல்லும்; ஜெனரிக் அதன் தாய்க் கிளாஸ்தான். இன்னும் மோசமானது, ஒரு கிளாஸ் தனக்கென்று வேறொரு காரணத்துக்கு ஜெனரிக் இடம் வைத்துக்கொண்டு, லிஸ்ட்<ஸ்ட்ரிங்>கிலிருந்து வந்திருப்பது. அதன் முதல் உள்வகையை எடுத்து உறுப்பின் வகை என்று நீங்கள் நம்பினால் முழுப் பிழை, எச்சரிக்கை எதுவும் வராது.

ஆகவே சி ஷார்ப்பில் கிளாஸின் பெயரைப் பார்க்காமல், அது நிறைவேற்றும் இன்டர்ஃபேஸ்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றாக உறுப்புகளைத் தரக்கூடிய அரேயும் ஜெனரிக் தொகுப்புகளும் ஐஎன்யூமரபிள்<> என்ற இன்டர்ஃபேஸை நிறைவேற்றும். கெட்இன்டர்ஃபேஸஸ் தரும் பட்டியலில் ஒவ்வொன்றின் வெளிக்கூடும் ஐஎன்யூமரபிள்<> தானா என்று பாருங்கள், பொருந்தியதன் உள்வகைதான் உறுப்பின் வகை. லிஸ்ட், ஹேஷ்செட், அரே, எங்கள் மரக்கறிப்பட்டியல் எல்லாம் இதில் சரியாக விழும். குறுக்கு வழியாக இஸ்அசைனபிள்ஃப்ரொம் வைத்து உள்வகை நிரப்பாத ஐஎன்யூமரபிள்<>ஐக் கேட்டால், இல்லை என்றுதான் வரும். உள்ளிடம் நிரப்பிய வகையும் நிரப்பாத வகையும் அதன் கணக்கில் பொருந்துவதில்லை.

மூன்று இடத்தில் நிதானமாகப் போங்கள். ஸ்ட்ரிங்கும் ஐஎன்யூமரபிள்தான், எழுத்துகளின் தொகுப்பு. முதலிலேயே அதை விலக்காவிட்டால் தோட்டக்காரரின் பெயருக்கு எழுத்துக்கு ஒரு வரியாக அட்டவணை வரும். டிக்ஷனரியும் அப்படியே, அதன் உறுப்பு கீவேல்யூபேர் என்ற சோடி, ஆகவே டிக்ஷனரியை முன்னதாகவே பிரித்தெடுங்கள். மூன்றாவது இலேசில் கண்ணில் படாது. ஃபீல்டைப்போலப் பயன்படும் ப்ரொப்பர்ட்டியை நேரே ஐஎன்யூமரபிள்<மரக்கறி> என்றே அறிவித்திருந்தால், அதன் இன்டர்ஃபேஸ் பட்டியலில் அது தன்னைச் சேர்த்துச் சொல்லாது. பட்டியலைத் தேடும் முன் கையிலிருக்கும் வகையையே ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

ஒப்ஜெக்டுக்கே எல்லாம் தெரிந்த சி ஷார்ப்பிலும் அறிவிப்பிடம் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. லிஸ்ட்<ஸ்ட்ரிங்?> என்றும் லிஸ்ட்<ஸ்ட்ரிங்> என்றும் எழுதுகிறோமே, நல் வரலாமா வராதா என்ற அந்த வித்தியாசம் இயங்கும் நேரத்து வகையில் இல்லை. இரண்டும் ஒரே வகை. கேள்விக்குறி, ஃபீல்டின் அல்லது ப்ரொப்பர்ட்டியின் அறிவிப்பில் ஓர் அட்ரிபியூட்டாக மட்டும் பதிந்திருக்கும். சி ஷார்ப்பின் இயங்குதளமான டொட்நெட்டில், 2021இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து நல்லபிலிட்டிஇன்ஃபோகொன்டெக்ஸ்ட் என்ற கிளாஸ் அதை வாசித்துச் சொல்லும். லிஸ்ட்<டைனமிக்>கும் உள்ளே லிஸ்ட்<ஒப்ஜெக்ட்>தான். பழைய கோடை உடைக்காமல் பிறகு சேர்த்த வசதிகள் எந்த மொழியிலும் இப்படித்தான் வந்து அமைகின்றன போலும்.

வாசிப்பது ஒரு பக்கம். ரிஃப்ளெக்ஷன் வழியாக எழுதத் தொடங்கும்போது இரு மொழிகளின் வேறுபாடும் கையில் சுடும். சாமான்கள் லிஸ்டை எடுத்து, ஆட் மெதட்டை ரிஃப்ளெக்ஷனால் அழைத்து, மரக்கறிக்குப் பதிலாக "வெங்காயம்" என்ற ஸ்ட்ரிங்கைப் போட்டுப் பாருங்கள். சி ஷார்ப் அந்த இடத்திலேயே ஆர்க்யூமென்ட் எக்ஸெப்ஷன் எறியும். ஜாவா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், காவல் நின்ற கொம்பைலரைத்தான் சுற்றிக்கொண்டு போய்விட்டோமே. பின்னேரம் மொத்தக் கணக்குக் கூட்டும் வேறொரு மெதட் லிஸ்டைச் சுற்றிவரும்போதுதான் கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் வெடிக்கும். பிழை காட்டும் வரியில் பிழை இருக்காது. எங்கே போட்டோம் என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். ஜாவாவில் ரிஃப்ளெக்ஷன் கொண்டு கலெக்ஷனுக்குள் எழுதுவதென்றால், அந்த லிஸ்டை கலெக்ஷன்ஸ்.செக்ட்லிஸ்டால் மூடி, மரக்கறி கிளாஸையும் கூடவே கொடுத்து வையுங்கள். தவறான வகை வந்தால் போடும் வரியிலேயே பிடிக்கும். ஜாவா 5 இலிருந்தே இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்களைக் காண்பதுதான் அரிது.

சி ஷார்ப்பில் புதிதாக ஒரு லிஸ்ட் செய்து நிரப்பவும் வழி இருக்கிறது. லிஸ்ட்<>இல் மேக்ஜெனரிக்டைப்பை அழைத்து மரக்கறியைக் கொடுத்தால் லிஸ்ட்<மரக்கறி> என்ற வகை உருவாகும். ஆக்டிவேட்டர் அதிலிருந்து ஒப்ஜெக்ட் செய்து தரும். அதைப் பழைய, ஜெனரிக் இல்லாத ஐலிஸ்டாக மாற்றிக்கொண்டால் ஆட் மெதட்டைச் சாதாரணமாகவே அழைக்கலாம்.

உண்மையான புரோகிராமில் இறங்கும்போது இடிக்கும் சில இடங்கள். ஜாவாவில் பிரைவேட் ஃபீல்டின் வகையை வாசிக்கத் தடையில்லை. அதன் மதிப்பை வாசிக்கத்தான் செட்அக்செஸிபிள் வேண்டும். அதுவும் உங்கள் சொந்தக் கிளாஸ்களுக்குத்தான் சரிவரும். ஜாவாவின் உட்கிளாஸ்களைத் தோண்டும் பழக்கம் 2021இல் வந்த ஜாவா 16 இலிருந்து இயல்பாகவே அடைபட்டுவிட்டது. ஆன்ட்ரொய்ட் ஆப் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி. கணினியில் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், வெளியீட்டுக்காகச் சுருக்கிய ஆப்பில் மட்டும் லிஸ்டின் உள்வகை காணாமல் போகும். ஆர்8 என்ற சுருக்கி, சிக்னேச்சர் குறிப்பைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டிருக்கும். கீப்அட்ரிபியூட்ஸ் கட்டளையில் சிக்னேச்சரைச் சேர்த்து, அந்தக் கிளாஸையும் கீப் கட்டளையில் வைத்தால் திரும்பி வரும். அறிவிப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும். தெரியாதவர் ஜேசனைக் குறைசொல்லிக்கொண்டு இருப்பார்.

வேகமும் ஒரு விஷயம். ரிஃப்ளெக்ஷன் நேரடி அழைப்பைவிட மெதுவானது. ஆனால் ஒரு கிளாஸின் அமைப்பு ஓடும்போது மாறப்போவதில்லை. கொள்வனவு கிளாஸை ஒருமுறை விசாரித்து, கிடைத்த ஃபீல்டுகளையும் உள்வகைகளையும் கிளாஸைச் சாவியாக வைத்து ஒரு மேப்பில் சேர்த்துவிட்டால், அடுத்த முறை கேட்கவே வேண்டியதில்லை. வகைகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ரிஃப்ளெக்ஷனே தேவைப்படாமல் போகலாம். டொட்நெட் 6 இன் ஜேசன் லைப்ரரியில் சோர்ஸ் ஜெனரேட்டர் என்று ஒன்று வந்தது. அது இந்த விசாரணையைக் கொம்பைல் நேரத்திலேயே முடித்துக் கோடாக எழுதி வைத்துவிடும். மூன்று நான்கு கிளாஸ் மட்டும் உள்ள சின்னப் புரோகிராமென்றால் திரையைக் கையாலேயே எழுதிவிடுங்கள், வாசிக்கவும் திருத்தவும் அதுவே இலகு.

பழகிப் பார்க்க விரும்பினால் நிலுவை ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டைப்பை வாங்கி, அதன் பெயரையும் உள்வகைகளையும் அடுக்கடுக்காக உள்தள்ளி அச்சிடும் மெதட் ஒன்று எழுதுங்கள். மேப், அதன் கீழ் ஸ்ட்ரிங், அதற்கு நேர் கீழ் லிஸ்ட், லிஸ்டுக்கு உள்ளே மரக்கறி என்று நான்கு வரி வர வேண்டும். வந்ததும் ஃபீல்டின் அறிவிப்பில் மரக்கறியை வைல்ட்கார்டாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். உடைந்தால், ஐந்து உருவங்களில் எதை விட்டுவிட்டீர்கள் என்று எக்ஸெப்ஷனே சொல்லும்.